ஏற்காட்டுக் கோடை மாலைகளுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

ஏற்காட்டு மக்களுக்கும், சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்த உறவுகளுக்கும் வணக்கம்.

மே மாதச் சனிக்கிழமை மாலைகளில் கட்டணமின்றித் திறந்தவெளியில் நடந்த இசை, கூத்து நிகழ்ச்சிகள் நிறைவடைந்தன. மேடை ஏறியவர்களுக்குக் கைதட்டல் அன்றன்றே கிடைத்துவிட்டது. மேடைக்குப் பின்னால் நின்றவர்களுக்குத்தான் முக்கியமாக இந்த மடல்.

முதலில் பந்தல்காரர்கள். மலையில் கோடை மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் இறங்கும். தார்ப்பாயைத் தட்டையாகக் கட்டினால் நடுவில் தண்ணீர் தேங்கி, தொப்பை விழுந்து, அந்தப் பாரத்தில் கம்பே சாய்ந்துவிடும். இவர்கள் முன்பக்கத்தைப் பின்பக்கத்தைவிட நாலடி உயர்த்தி, இரண்டடிக்கு ஒரு மூங்கில் குறுக்கே கொடுத்தார்கள். எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் பின்னால் வழிந்து ஓடியது.

மைக் செட் தம்பிகளுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். சுவர் இல்லாத இடத்தில் ஒலி திரும்பி வராது, பின்வரிசைக்குக் கேட்காது. அதற்காகச் சத்தத்தைக் கூட்டினால் முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள், மைக்கும் கூவ ஆரம்பிக்கும். அவர்கள் சத்தத்தைக் கூட்டவில்லை. மேடையிலிருந்து 25 மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்தார்கள். அதை அப்படியே இணைத்தாலும் தொல்லைதான்: கம்பி வழியாக வருவது உடனே வந்துவிடும், காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நகரும். ஒரே சொல் இரண்டு முறை கேட்கும். அதனால் பின் பாக்ஸை ஒலிக் கட்டுப்பாட்டு மிக்ஸரில் 73 மில்லி விநாடி தாமதிக்க வைத்தார்கள். கடைசி வரிசைப் பாட்டிமார்களுக்கும் மிருதங்கச் சொல் தெளிவாகக் கேட்டது அதனால்தான்.

மிருதங்கம் என்றதும் பனிமூட்டம் நினைவுக்கு வருகிறது. தோல் ஈரத்தை இழுத்துக்கொண்டால் சுருதி இறங்கிவிடும். சேலத்து வெயிலில் சேர்த்த சுருதி 1,500 மீட்டர் உயரத்தில் நிற்காது. இதை அறிந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, இங்குள்ள காற்றுக்கு வாத்தியத்தைப் பழக்கி, பிறகு சுருதி சேர்க்கக் கல்லும் கட்டையும் எடுத்த வித்வான்களுக்கு எங்கள் வணக்கம். பறைக் கலைஞர்களுக்காகக் காய்ந்த வைக்கோலைச் சாக்கில் இறுகக் கட்டிக் கீழிருந்து அனுப்பிய விவசாயிக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். ஈர வைக்கோல் புகையத்தான் செய்யும். பறைத் தோலைக் காய்ச்சி இறுக்க வேண்டியது குபீரென்று எரிந்து அடங்கும் தீ.

மின்வாரிய ஊழியர்களும் ஜெனரேட்டர்காரரும் ஒயர் இணைப்பு ஒன்றைக்கூடத் தரையில் விடவில்லை. செங்கல்மேல் ஏற்றி, பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து மூடினார்கள். மழைக்குப் பிறகு ஈசல் படையெடுத்த மாலையில், பாடுபவர் வாய் திறக்க முடியாத நிலை. மேடையின் வெள்ளை விளக்குகளை அணைத்து மஞ்சள் விளக்குக்கு மாற்றி, நூறடி தள்ளி ஒரு வெள்ளை விளக்கைத் தனியே எரியவிட்டார்கள். பத்தே நிமிடத்தில் ஈசல் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டது.

தெருக்கூத்துக் குழுவினர் செய்தது பெரிய விட்டுக்கொடுப்பு. விடிய விடிய ஆடவேண்டிய கூத்து அது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, சிறப்பு அனுமதி இருந்தால் தவிர, இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் வரவையும் முக்கியமான தர்க்கங்களையும் குறைக்காமல், சுற்றிவரும் பாட்டுகளை மட்டும் சுருக்கி மூன்று மணி நேரத்துக்குள் முடித்தார்கள். சேலம் வட்டாரத்துக் கூத்தை ஒருமுறையாவது முழு இரவும் பார்க்கவேண்டும் என்பது எங்கள் ஆசை. ஒலிபெருக்கி இல்லாமல், வாய்க்குரலும் முகவீணை என்னும் சிறிய ஊதுகருவியும் மட்டும் கேட்கிற சின்னக் களத்தில் அதற்கு வழி உண்டு.

போக்குவரத்தை ஒழுங்குபடுத்திய காவலர்களுக்கும், சுக்குக் காப்பி கொடுத்த கடைக்காரர்களுக்கும், மறுநாள் பொழுது விடியுமுன் மைதானத்தைக் கூட்டி முடித்த தூய்மைப் பணியாளர்களுக்கும் நன்றி. அவர்கள் கேட்டபடி அடுத்த முறை ஈரக் குப்பைக்கும் காகிதத் தட்டுக்கும் தனித்தனித் தொட்டிகள் வைப்போம்.

மைதானத்தில் கிடைத்த இரண்டு குடைகளும், ஒரு குழந்தையின் சிவப்பு ஸ்வெட்டரும் மைதானத்தை ஒட்டிய டீக்கடையில் பத்திரமாக இருக்கின்றன.

நன்றியுடன்,
விழா ஏற்பாட்டுக் குழுவினர், ஏற்காடு