வீடியோ திக்கினால் இணையத்தை மட்டும் திட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தை விடாமல் படிக்கிறேன். புது போன், புது செயலி என்று நிறைய வருகிறது, நல்லதுதான். ஆனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கணினியில் ஒரு வீடியோவைத் தடங்கல் இல்லாமல் பார்ப்பது எப்படி என்று யாராவது எழுதினால் எத்தனையோ பேருக்கு உதவியாக இருக்கும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் அப்பாவின் கணினிக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிறது. யூடியூபில் உரை கேட்பார். சில மாதங்களாகப் படம் விட்டு விட்டு ஓடியது, பேசுகிறவரின் குரல் வந்த பிறகுதான் வாய் அசையும், உள்ளே விசிறி இரைகிற சத்தம் அடுத்த அறை வரை கேட்கும். இணைய நிறுவனத்தைக் கேட்டோம், வேகம் போதாது, பெரிய திட்டத்துக்கு மாறுங்கள் என்றார்கள். மாறினோம். ஒரு மாற்றமும் இல்லை! அப்புறம்தான் நானே உட்கார்ந்து பார்த்தேன்.

வீடியோ மேல் வலது கிளிக் செய்தால் பட்டியலின் கடைசியில் ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ‘பஃபர் ஹெல்த்’ என்ற இடத்தில் நாற்பது விநாடிக்கு மேல் காட்டியது, அதாவது அடுத்த நாற்பது விநாடிக்கான படம் முன்கூட்டியே வந்து காத்திருக்கிறது. ஆனால் ‘ட்ராப்டு’ என்ற எண்ணிக்கை, அதாவது திரையில் காட்டாமல் விட்டுப்போன படங்களின் எண்ணிக்கை, மட்டும் கண் முன்னே நூறு, இருநூறு என்று ஏறிக்கொண்டே போனது. வந்து சேர்ந்த படத்தைக் கணினியால் விரித்துக் காட்ட முடியவில்லை, இணையத்தின் மேல் தப்பே இல்லை.

காரணம் கோடெக். வீடியோவைச் சுருக்கி அனுப்பும் முறைக்குத்தான் அந்தப் பெயர். 2003இல் வந்த எச்.264 முறையில் சுருக்கியதை விரிக்கும் மின்சுற்று அப்பாவின் கணினியிலேயே உண்டு. 2018இல் வந்த ஏவி1 இன்னும் நன்றாகச் சுருக்குகிறது, டேட்டா மிச்சம், சரி. ஆனால் அதை விரிக்கும் சுற்று 2020 வாக்கில்தான் கணினிச் சில்லுகளில் வரத் தொடங்கியது. அதற்கு முந்தைய கணினிக்கு ஏவி1 வீடியோ வந்தால் மொத்த வேலையும் ப்ராசஸர் தலையில் விழுகிறது, அதனால்தான் அந்த விசிறிச் சத்தம். எச்264ஐஃபை என்ற எக்ஸ்டென்ஷனை, அதாவது ஒரு சிறு துணை நிரலை, பிரவுசரில் சேர்த்தேன், யூடியூப் பழைய முறையிலேயே வீடியோவை அனுப்பத் தொடங்கியது, திக்கல் அன்றே நின்றது. இப்படிச் செய்தால் 1080பிக்கு மேல் தரம் கிடைக்காது, அப்பாவின் திரைக்கு அது போதும். இன்னொன்று, பிரவுசர் அமைப்பில், அந்தச் சுற்றைப் பயன்படுத்தச் சொல்லும் ‘ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்’ அணைந்து கிடந்தால் விரிக்கும் சுற்று இருந்தும் பிரயோஜனமில்லை. அதை ஆன் செய்துவிட்டு பிரவுசரை ஒரு முறை மூடித் திறக்க வேண்டும்.

வட்டம் சுற்றிக்கொண்டே நின்றால் அது வேறு கதை, அங்கே இணையத்தைச் சந்தேகப்படலாம். 1080பிக்கு யூடியூப் பரிந்துரைப்பது விநாடிக்கு 5 மெகாபிட், 4கேக்கு 20. திட்டத்தில் நூறு என்று போட்டிருந்தாலும் இரண்டு சுவர் தாண்டி உள்ளறைக்கு வருவதற்குள் வைஃபை எவ்வளவோ இழந்துவிடும். அதிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. ரூட்டரிலிருந்து ஒரு கேபிளை நேராகக் கணினியில் செருகிப் பாருங்கள், குற்றம் யார் மேல் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரிய திட்டத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் நாங்கள் இதைச் செய்திருக்க வேண்டும்.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. புளூடூத் ஹெட்போனில் பாட்டு நன்றாகக் கேட்கும், ஒரு வீடியோ அழைப்பில் சேர்ந்ததும் எல்லாம் பழைய தொலைபேசிக் குரல் போல ஆகிவிடும். பலர் ஹெட்போன் கெட்டுவிட்டது என்றே நினைக்கிறார்கள். பெரும்பாலும் மைக் திறந்ததும் அது அழைப்பு முறைக்கு மாறுவதுதான் காரணம். மைக்காகக் கணினியில் உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் பழையபடி கேட்கும்.

இவ்வளவையும் ஒருவர் தானாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் வருத்தம். தரத்தை மாற்றும் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ‘பழைய கணினி’ என்று ஒரு பொத்தானை வீடியோ தளங்கள் வைக்கலாமே? அதுவரை உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வாரம் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்கி, இது போன்ற ஒரு கோளாறையும் அதைச் சோதிக்கும் வழியையும் படத்தோடு போடுங்கள். முதல் வாரத்துக்கு அந்த ‘ட்ராப்டு’ எண் எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்