வாலைத் தலையாகக் காட்டும் பாம்பு

கானாடுகாத்தான்

அன்புள்ள வள்ளியப்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அடைமழை பிடிப்பதற்குள் இரண்டாம் கட்டின் உடைந்த ஓடுகளை மாற்றிவிட வேண்டும் என்று ஆட்களோடு நின்றதில் பதில் எழுத முடியவில்லை. ஆத்தாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நீ பாம்பு வளர்ப்பதைச் சொன்னேன். "வீட்டுக்குள்ளயா வச்சிருக்கான்?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட என்ன குடுக்குறான்?" என்றார்கள்.

சரி, உன் வருத்தத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் நடந்த பாம்புக் கண்காட்சியில் பால் பைத்தான் (பந்துபோலச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) மேசையைச் சுற்றி அவ்வளவு கூட்டம், உன் ரோசி போவா என்கிற விஷமில்லாச் சின்னப் பாம்பின் குட்டிகளை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு அது புரிகிறது. 1992-இல் அல்பினோ, அதாவது கருநிறமி இல்லாத, பால் பைத்தானை வளர்ப்பில் பொரிக்க வைத்த பிறகு, அந்தப் பாம்பின் கதையே மாறிவிட்டது. வருஷா வருஷம் புது நிறம், புது வரி, அதற்கொரு பெயர், அதற்கொரு விலை. வாங்குகிறவர் அடுத்து என்ன நிறத்தில் குட்டி வரும் என்ற கணக்கோடுதான் வாங்குகிறார். ரோசி போவாவிடம் அந்தக் கணக்கு அவ்வளவாகச் செல்லாது. முதுகில் மூன்று கோடு, அவ்வளவுதான். கலிபோர்னியாவிலும் அரிசோனாவிலும் பாறைக்குப் பாறை அந்தக் கோட்டின் நிறமும் ஓரமும் மாறுகிறது என்பது, கையில் எடுத்து நிதானமாகப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

அதைவிடப் பெரிய காரணம் இந்தப் போவாக்களின் சுபாவம் என்று எனக்குப் படுகிறது. ரோசி போவா பகல் முழுக்கக் கல்லிடுக்கில் கிடக்கும். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாது. புதிதாக வளர்ப்பவர் பயந்துபோய் விற்றுவிடுவார். அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் உள்ள ரப்பர் போவாவுக்கோ அதிகச் சூடு ஆகாது. பாம்பு என்றாலே சூடான விளக்கு வேண்டும் என்று கடையில் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டு அதை வாட்டியவர்கள் உண்டு. மடகாஸ்கரின் டூமெரில் போவா ஆறடி வரை வளரும், ரொம்பச் சாது. ஆனால் சருகு நிறத்தில் சருகுக்குள் கிடப்பதை யார் காசு கொடுத்து வாங்கி விருந்தாளிக்குக் காட்டுவார்கள்?

ரப்பர் போவாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுண்டெலிக் குஞ்சுகளைத் தின்ன வளைக்குள் போகும்போது, தாய் எலி கடிக்க வந்தால் மொட்டை வாலைத் தூக்கி முன்னால் காட்டுமாம். கடியெல்லாம் வாலுக்கு, தலை பாட்டுக்குக் குஞ்சுகளை விழுங்கிக்கொண்டிருக்கும். அங்கேயும் அதை இரண்டு தலைப் பாம்பு என்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் ஊர் இருதலை மண்ணுளிப் பாம்பு செய்கிற அதே வேலை! கல்லூரியில் படித்தபோது போவாக்களையும் மண்ணுளிகளையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள், நினைவிருக்கிறதா? பிறகுதான் பிரித்தார்கள்.

போன மாதம் மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒரே சத்தம். ஓடிப் பார்த்தால் நாலு பேர் கம்போடு நிற்கிறார்கள், "கண்ணாடி விரியன், கண்ணாடி விரியன்" என்று. வைக்கோல் ஓரத்தில் முழ நீளத்துக்கு ஒன்று சுருண்டு கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். விரியனுக்குப் புள்ளிகள் சங்கிலி கோத்த மாதிரி வரிசையாக இருக்கும், கழுத்து ஒடுங்கித் தலை தனியாகத் தெரியும். இதற்குத் தலையும் கழுத்தும் ஒரே பருமன், திட்டுகள் ஒன்றோடொன்று கோணல்மாணலாக ஒட்டியிருந்தன. மண்ணுளிதான், முரட்டுச் செதில் உள்ள வகை. விஷமே கிடையாது. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வனத்துறைக்குப் போன் செய்தேன். வந்தவர் அதைப் பிடித்திருந்தபோது வாலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். அரத்தைத் தடவுகிற மாதிரி இருந்தது. கண் மிளகு அளவுகூட இல்லை. அதற்குள் இன்னொரு வீட்டில் இதே வகைப் பாம்பு ஒன்றை அடித்துப் போட்டிருந்தார்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இருதலை மண்ணுளியின் கதி வேறு. அது நக்கினால் குஷ்டம் வரும் என்று நம் சின்ன வயதில் சொன்னார்கள். இப்போது கோடி ரூபாய்க்குப் போகும் என்கிறார்கள். எடையைச் சொல்லி விலை பேசுகிற தரகர்கள் ஊர் ஊராக அலைகிறார்கள். வயலில் எலி பிடித்துக்கொண்டு கிடக்கிற பிராணி அது. சாக்குக்குள் போட்டுக் கொண்டுபோய்க் கடைசியில் செத்துத்தான் போகிறது. நீ அங்கே உன் பாம்பை யாரும் பார்க்கவில்லையே என்கிறாய். இங்கே இதை யாரும் பார்க்காமல் இருந்தால் போதும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன்.

நானும் ஒன்று வளர்க்கலாமே என்று கேட்டிருந்தாய். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வைக்கக்கூடாது. எனக்கும் அதில் மனக்குறை இல்லை. கண்மாய்க் கரையில் மழை விட்ட சாயங்காலம் நடந்தால் என்றைக்காவது ஒன்று கண்ணில் படும்.

அப்புறம், நீ குட்டிகளை மலிவாகத் தள்ளிவிடாதே. கேட்டு வருகிறவர் வரட்டும். எந்தக் குட்டி என்றைக்கு முதல் இரை எடுத்தது, எத்தனை நாள் பட்டினி கிடந்தது என்று நோட்டில் எழுதி வை. இவை முட்டையிடாமல் குட்டி போடுகிறவை, அதனால் தாய் கருவோடு எந்த இடத்தில் போய்ப் படுக்கிறது, எவ்வளவு சூடு தேடுகிறது என்பதையும் குறித்து வை. அடுத்த கடிதத்தில் அந்தக் கணக்கை எழுது. வாலைக் கிட்டத்தில் வைத்து ஒரு படமும் அனுப்பு. ஆத்தாவுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
சாத்தப்பன்