சிவப்புப் பென்சில்

ஐந்தோவன்,
2025 நவம்பர் 9

அன்புள்ள மணி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் எட்டு மாதம் ஓடிவிட்டது. தப்பு என்னுடையதுதான். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் தேவலை என்று தங்கச்சி சொன்னாள். குமார் இன்னும் ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டுதான் அலைகிறானா?

சரி, இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி. 84 வயது. போன மாதம் 29ஆம் தேதி நெதர்லாந்து நாடாளுமன்றத் தேர்தல். "வாக்குச்சாவடி வரைக்கும் கூட வா" என்றார், போனேன். எனக்கு அதில் ஓட்டு இல்லை. ஐந்து வருடம் இருந்த வெளிநாட்டுக்காரருக்கு நகராட்சித் தேர்தலில் உண்டு, நாடாளுமன்றத்துக்கு இல்லை. இங்கே எந்திரம் கிடையாது. சாப்பாட்டு மேசையை மூடுகிற அளவுக்கு ஒரு காகிதம், கட்சிக்கு ஒரு பத்தியாகப் பெயர்கள். ஒரே ஒரு பெயருக்குப் பக்கத்து வட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் நிரப்ப வேண்டும். மறைப்புக்குள் போன பாட்டி வெகுநேரம் வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. திரும்பி நடக்கும்போது, "என் அம்மாவுக்கு இதற்கு அரை நிமிடம்கூட ஆனதில்லை" என்றார். அந்த வார்த்தை பத்து நாளாக என்னை விடவில்லை.

அவர் அம்மா எப்படி யோசித்திருப்பார்? அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் முழுக்கக் கத்தோலிக்கர்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தொழிற்சங்கம், பத்திரிகை, வானொலி, கால்பந்துக் குழு, ஆடு வளர்ப்போர் சங்கம்வரை கத்தோலிக்கருக்குத் தனி. புராட்டஸ்டண்டுகளுக்கும் சோஷலிஸ்டுகளுக்கும் அப்படியே தனித்தனி. இவற்றைத் தூண்கள் என்பார்கள். ஓட்டும் அந்தந்தத் தூணின் கட்சிக்குத்தான். வேறு வேறு தூண்களில் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பழகமாட்டார்கள். தலைவர்கள் மட்டும் மேலே கூரையடியில் கூடிப் பேரம் பேசி நாட்டை நடத்துவார்கள். 1917இல் மதப் பள்ளிகளுக்கு அரசுப் பணமும், எல்லா ஆண்களுக்கும் ஓட்டும், வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப இடம் தருகிற விகிதாச்சார முறையும் கிடைத்தது அப்படி ஒரு பேரத்தில்தான். பாட்டிக்குப் பதின்மூன்று வயதாயிருந்த 1954இல் ஆயர்கள் ஓர் அறிக்கை விட்டார்கள். சோஷலிச சங்கத்தில் சேருகிற கத்தோலிக்கருக்குத் திருச்சடங்குகள் கிடையாது. சோஷலிஸ்டு வானொலியை வழக்கமாகக் கேட்பதும் கூடாது. பாட்டியின் மாமா ஒருவர் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேட்பாராம். இதைச் சொல்லும்போது பாட்டி இன்றைக்கும் குரலைத் தாழ்த்துகிறார், மணி.

நம் மாடிப்படி அரட்டை மாநாட்டில் நீ 1967 பிப்ரவரியைப் பற்றி எத்தனை ராத்திரி பேசியிருப்பாய்! நம் ஊரில் அண்ணா ஜெயித்த அதே மாதம் இங்கேயும் ஒரு சுவர் விரிசல் விட்டது. 1963இல் 150க்கு 50 இடம் வாங்கிய கத்தோலிக்கக் கட்சி 42க்கு இறங்கியது. 1972இல் வெறும் 27. ஐரோப்பாவின் கட்சிகள் 1920களின் சமூகப் பிளவுகளிலேயே உறைந்து நிற்கின்றன என்று அரசியல் ஆய்வாளர்கள் லிப்செட்டும் ரொக்கானும் எழுதியது அதே 1967இல்தான். அதுவரைக்கும் அவர்கள் சொன்னது சரிதான். பனி உருகத் தொடங்கியதும் அந்த வருடமே. கோயிலுக்குப் போவது குறைந்தது. 1964 வரை தொலைக்காட்சியில் ஒரே ஒரு அலைவரிசை. அதனால் கத்தோலிக்க வீட்டுக் கூடத்திலேயே சோஷலிஸ்டு நிகழ்ச்சியும் ஓடியது. பக்கத்துத் தூணில் இருப்பவனும் மனிதன்தான் என்று கண்ணால் பார்த்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் கத்தோலிக்கக் கட்சியும் இரண்டு புராட்டஸ்டண்டு கட்சிகளும் ஒன்றாகி 1980களில் 54 இடம் வரை போனார்கள். 2023இல் ஐந்து. இந்த முறை கொஞ்சம் எழுந்து 18. தொழிலாளர் கட்சி 2012இல் 38, 2017இல் 9. அந்தக் கிறிஸ்தவக் கட்சியிலிருந்து விலகிய ஓம்ட்சிக்ட் ஆரம்பித்த கட்சி மூன்றே மாதத்தில், 2023இல், 20 இடம் பிடித்தது. இந்த முறை ஒன்றுகூட இல்லை. இருபதிலிருந்து பூஜ்யம்! குடியேறிகளை எதிர்க்கும் வில்டர்ஸின் கட்சி 37இலிருந்து 26.

இத்தனை விழுக்காடு வாங்காத கட்சிக்கு இடமே இல்லை என்று தடுப்பு வைத்தால் சரியாகிவிடும் என்பாய், நீ அப்போதே அந்தக் கட்சிதான். இங்கே 0.67 விழுக்காடு வாங்கினால் ஓர் இடம். ஜெர்மனியில் 5 விழுக்காட்டுத் தடுப்பு இருக்கிறதே, என்ன நடந்தது? இந்த பிப்ரவரியில் 4.98 வாங்கிய கட்சி வாசலில் நின்றது, சமூக ஜனநாயகக் கட்சி 16.4க்குச் சரிந்தது. கதவைச் சிறிதாக்கினால் வீட்டுக்குள் இருக்கிற சண்டை தீராது.

என் கவலை கட்சிகளின் எண்ணிக்கை இல்லை. பாட்டிக்கு இரண்டு பேரன்கள். ஒருவன் பல்கலைக்கழகம் படித்து ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறான், பசுமை இடதுசாரி. இன்னொருவன் மாட்டுப் பண்ணை. பண்ணைகளின் நைட்ரஜன் மாசுக்கு அனுமதி கொடுத்துவந்த திட்டம் செல்லாது என்று 2019இல் தீர்ப்பு வந்ததிலிருந்து டிராக்டரோடு போராட்டத்துக்குப் போனவன். 2023 மார்ச்சில் உழவர் கட்சி மாகாணத் தேர்தலில் முதலிடம் வந்தபோது தெருவெல்லாம் ஹாரன் அடித்தான். இப்போது அந்தக் கட்சிக்கும் நாலே இடம், அவனுக்கு அடுத்து யாரென்று புரியவில்லை. ஒரே ஞானஸ்நானத் தொட்டி, ஒரே பாட்டி. பிரித்தது பட்டமும் ஊரும். பழைய தூணுக்குள் அதிகாரம் இருந்தது, அவமானமும் இருந்தது, ஆனால் உடம்புக்கு முடியாவிட்டால் வந்து பார்க்கச் சங்கத்து ஆள் ஒருவன் இருந்தான். புதிய பிளவின் இரண்டு பக்கமும் அப்படி எதுவும் கட்டப்படவில்லை. மேலே கூடிப் பேசித் தீர்க்கக் கூரையும் இல்லை. அந்தப் பழைய காலம் திரும்ப வேண்டும் என்று சொல்லமாட்டேன், அந்த மாமாவை நினைத்தால் போதும். ஆனாலும் மனசு அடித்துக்கொள்கிறது.

டிசம்பரில் பாட்டிக்கு 85. இங்கே பிறந்தநாளுக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, கேக்கும் காப்பியுமாகச் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். போன வருடம் பேரன்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று பாட்டி என்னைக் கூப்பிட்டு, "நீ வா. அவர்கள் இருவருக்கும் நடுவில் உன் நாற்காலி" என்றார். போகிறேன். ஐம்பது உளுந்து வடை வேறு கேட்டிருக்கிறார், உன் அம்மாவின் பக்குவத்தை எழுதி அனுப்பு.

அன்புடன்,
ரவி