விசைப்பலகைக் குறுக்குவழிகளையும் கற்றுத்தர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஆவணங்களைத் தட்டச்சு செய்து தருவது என் தொழில். கணினி வகுப்புகளில் மென்பொருளைத் திறக்கச் சொல்லித்தருகிறார்கள்; விசைகளைச் சேர்த்து அழுத்தி வேலையைச் சட்டென முடிக்கும் குறுக்குவழிகளைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

நகலெடுக்க கண்ட்ரோல்-சி, ஒட்ட கண்ட்ரோல்-வி என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அடுத்ததை நகலெடுத்தால் முந்தையது போய்விடும் என்றே நினைக்கிறார்கள். விண்டோஸ் 10, 11 கணினிகளில் விண்டோஸ் விசையோடு ‘வி’யை அழுத்தி, நகலெடுத்தவற்றைச் சேமித்துவைக்கும் வசதியை முதல் முறை மட்டும் இயக்கிவிட்டால் போதும். பிறகு நகலெடுப்பவை 25 வரை பட்டியலாக நிற்கும். வேண்டியதை எடுத்து ஒட்டலாம். ஒரே விவரங்களைத் திரும்பத் திரும்பப் படிவங்களில் நிரப்புகிறவர்களுக்கு இது பெரிய வரம். நகலெடுத்த கடவுச்சொல்லும் அந்தப் பட்டியலில் தெரியக்கூடும். பலர் பயன்படுத்தும் கணினியில் கவனம் தேவை.

மவுஸால் ஒரு சொல்லை இருமுறை சொடுக்கினால் அந்தச் சொல் தேர்வாகும். வேர்டில் மும்முறை சொடுக்கினால் முழுப் பத்தியும் தேர்வாகும். மணிக்கட்டு நோக இழுக்க வேண்டாம். குரோம் உலாவியில் தவறி மூடிய பக்கத்தை கண்ட்ரோல்-ஷிப்ட்-டி (T) மீட்டுத்தரும்.

தங்கள் நாளிதழ் வாரம் ஒரு குறுக்குவழியைப் படத்துடன் வெளியிட வேண்டுகிறேன். கத்தரித்துக் கணினி அருகே ஒட்டிக்கொள்ள முதியவர்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு தட்டச்சர்