47 × 36: விடை சரி, மதிப்பெண் இல்லை

பத்திரிகை ஆசிரியருக்கு வணக்கம்.

நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் 47-ஐ 36-ஆல் பெருக்கி 1692 என்று சரியாக எழுதியும், பள்ளியில் ‘முறை தவறு’ என்று சிவப்பு மையில் கோடு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவள் செய்தது இவ்வளவுதான்: 40, 7 என்றும் 30, 6 என்றும் பிரித்து, நாலு கட்டம் போட்டு 1200, 240, 210, 42 என்று நிரப்பிக் கூட்டினாள். இரண்டாவது வரியை ஓர் இடம் தள்ளி எழுதும் வழக்கமான முறையும் இதேதான், ஏன் தள்ளுகிறோம் என்பது அதில் கண்ணுக்குத் தெரியாது, கட்டத்திலோ 36-இல் உள்ள 3 உண்மையில் 30 என்பது பளிச்சென்று தெரிகிறது.

தாராவியில் கடை வைத்திருந்த என் அப்பா தாளே எடுக்க மாட்டார். 47-ஐ 50 ஆக்கி 1800, அதில் மூணு முப்பத்தாறு 108 போக 1692 என்பார். 1150-இல் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதி என்ற கணித நூலிலேயே 135-ஐ 12-ஆல் பெருக்க, 12-ஐ 8, 4 என்று பிரித்தும், 3-ஆல் பெருக்கி அப்புறம் 4-ஆல் பெருக்கியும் காட்டியிருக்கிறார்.

சரி, எல்லாரும் ஒரே மாதிரி எழுதினால் திருத்துவது சுலபம், புரிகிறது. அதற்காக, புரிந்து செய்த குழந்தைக்கு மதிப்பெண் இல்லையா? அன்று இரவு அவள் கணக்கு நோட்டைத் திறக்கவே இல்லை. ஆசிரியர்களே, தயவுசெய்து குழந்தை போன வழியையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள்.

ஒரு தாய்,
மாட்டுங்கா, மும்பை