கோட்டைக்கல்லாற்றிலிருந்து ஒரு நன்றி மடல்

எங்கள் பக்கம் நன்றி நவிலல் என்று எதையாவது அச்சடித்தால், 31ஆம் நாள் கிரியைக்கான அழைப்பும் அதோடு சேர்ந்தே வரும். தலைப்பைப் பார்த்துப் பதறியவர்கள் பதற வேண்டாம், அப்பா நலமாக இருக்கிறார். இந்த மடலில் தன் வெற்றிலைப் பழக்கத்தைப் பற்றி எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியும் இருக்கிறார். எழுதத்தான் போகிறேன்.

அன்று காலை அவருக்கு வந்தது மாரடைப்பு என்று பார்த்தவுடன் யாரும் சொல்லியிருக்க முடியாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவில்லை. நெஞ்சு நோகிறது என்றும் சொல்லவில்லை. மின்விசிறி சுழன்றுகொண்டிருக்க, பெனியன் முதுகோடு ஒட்டுமளவுக்கு வியர்த்தது. தாடையில் ஓர் உளைச்சல், மூச்செடுக்கக் கஷ்டம். "ஒண்டுமில்ல புள்ள, வாய்வுதான். இஞ்சி போட்டுத் தேத்தண்ணி தா" என்றார். அவருக்கு வயது 71, நெடுநாளாகச் சீனி வருத்தமும் பிறஷரும். சீனி வருத்தக்காரருக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு நோகாமலே மாரடைப்பு வரலாம் என்று பிறகு வைத்தியர் விளங்கப்படுத்தினார். வியர்வை, களைப்பு, குமட்டல், நெஞ்சுக்குழியில் எரிவு என்று அது வேறு வேஷத்தில் வருமாம்.

முதல் நன்றி, மருதமுனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் காக்காவுக்கு. படலையில் நின்று அப்பாவின் முகத்தைப் பார்த்தவர், மீன்பெட்டியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். அப்பா கிணற்றடிக்குப் போய் முகம் கழுவ எழும்பினார். "அண்ணன், எழும்ப வேணாம், இரிங்க" என்று தோளைப் பிடித்துச் சுவரோடு சாய்த்து, முழங்காலை மடக்கி இருக்க வைத்தார். ஓரடி நடந்தாலும் இதயத்துக்கு அது மேலதிக வேலை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய வாப்பாவுக்கு முன்பு இப்படி வந்ததாம். அன்று விற்காமல் போன மீனுக்குக் காசு கொடுக்கப் போனபோது கோபித்துக்கொண்டார். காக்கா, இந்த நன்றியையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த நன்றி பக்கத்து வீட்டு மாமியின் மகளுக்கு. முதலுதவிப் பயிற்சிக்குப் போய்வந்த பிள்ளை. முற்றத்தில் கூடியவர்களில் ஒருவர், "களுவாஞ்சிக்குடி என்ன தூரமா, ஓட்டோவில ஏத்துங்க" என்றார். இன்னொருவர் வாட்ஸ்அப்பில் பார்த்ததைச் சொல்லி, அப்பாவைப் பலமாக இருமச் சொன்னார். இருமி மாரடைப்பை நிறுத்தலாம் என்ற அந்தக் கதைக்கு ஆதாரமே இல்லை, ஆனாலும் ஊர் ஊராகச் சுற்றுகிறது. அந்தப் பிள்ளை யாரோடும் வாதாடவில்லை. 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து, போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, இடம், வயது, என்ன செய்கிறது, பேச்சுமூச்சு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இலவச அம்புலன்ஸ்தானே என்று இளக்காரமாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அதில் ஒட்சிசனும் இருக்கிறது, பயிற்சி பெற்றவரும் இருக்கிறார். ஓட்டோவில் இரண்டும் இல்லை. அப்பாவின் நினைவு தப்பி மூச்சு நின்றால் என்ன செய்வது என்பதும் அவளுக்குத் தெரியும். நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றராவது கீழிறங்க அழுத்த வேண்டும். கடவுள் புண்ணியம், அதற்குத் தேவை வரவில்லை.

கிளினிக் தாதி ஒருவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வாசல் நிலையில் ஓர் ஆணி. அதில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் அப்பாவின் கிளினிக் கொப்பி, அவர் குடிக்கும் குளிசைகளின் பெயர் ஒட்டிய அட்டைத் துண்டுகள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு, எங்கள் போன் நம்பர்கள். எல்லாம் அந்தத் தாதி சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தவை. "அலுமாரிக்குள்ள பூட்டி வைக்கிற கொப்பியால என்ன பிரயோசனம் அம்மா?" என்று அவர் கேட்காவிட்டால் ஆணி அடிக்கப்பட்டிருக்காது. கொப்பியின் கடைசிப் பக்கத்தில், இப்படி வந்தால் அஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்கலாம் என்று கிளினிக் வைத்தியர் முன்கூட்டியே எழுதியிருந்தார். 1990இல் பேசியவரிடம் அதை வாசித்துக் காட்டிய பிறகே கொடுத்தோம். இது அப்பாவுக்கு எழுதியது. அஸ்பிரின் ஒவ்வாதவர்களும், குடற்புண்ணோ இரத்தக்கசிவோ உள்ளவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவருக்குச் சரிவருமா என்று அடுத்த கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள்.

பிரதான வீதிக்கு ஓடிப்போய்ச் சிவப்புத் துவாயை ஆட்டி அம்புலன்ஸை எங்கள் ஒழுங்கைக்குள் திருப்பிவிட்ட சின்னவனுக்கும், நாயைக் கட்டியவருக்கும் நன்றி.

களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் கட்டிலில் ஏற்றிய கையோடு இ.சி.ஜி. எடுத்தார்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று வைத்தியர் கேட்டார். வானொலியில் காலைச் செய்தி தொடங்கும்போது என்று அம்மா சரியாகச் சொன்னார். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு அந்த நேரக்கணக்கு முக்கியம். முதல் சில மணித்தியாலங்களில் ஏற்றினால் பலன் அதிகம், 12 மணித்தியாலம் கடந்தால் பெரிதாக இல்லை. அங்கு மருந்தேற்றி, பிறகு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். இரண்டு இடத்து வைத்தியர்கள், தாதியர், சிற்றூழியர் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இப்போது வீட்டு விஷயம். முதியோர் சங்கத்து ஐயாமார் காலையில் வந்து அப்பாவைக் கடற்கரைக்கு நடக்கக் கூட்டிப்போகிறார்கள். எவ்வளவு நடக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது இலக்கு. கதைத்துக்கொண்டு நடக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் போதுமாம். எங்கள் ஐயாமார் கதைக்கும் கதைக்கு வேகம் எங்கே வருவது என்பது வேறு விஷயம்.

அம்மாவின் பாடு பெரிது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. கறியில் போடுவது மட்டுமல்ல. கருவாடு, மாசி, அப்பளம், கடை மிக்சர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். புளியும் மிளகும் தேசிக்காயும் வைத்து அம்மா சமாளிக்கிறார். முதல் வாரம் அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். மறுகா பசி வென்றது.

வெற்றிலை: களுதாவளை வெற்றிலைமேல் எனக்குக் கோபமில்லை. அதோடு வைக்கும் புகையிலைதான் இதயத்துக்கு ஆகாது, பாக்கும் வாய்ப் புற்றுநோய்க்கு வழிவிடும். புகைக்காவிட்டால் புகையிலையால் பாதகமில்லை என்று நினைத்திருந்த அப்பாவை மாற்றியது நானல்ல, விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த வாழைச்சேனை ஐயா. அவருக்கும் நன்றி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். போதனா வைத்தியசாலையில் அம்மா வாங்கில் இருந்தபடி இரவைக் கழித்தபோது, ஏறாவூரைச் சேர்ந்த ஒரு தாய் தன் போர்வையைக் கொடுத்தார். பெயர் கேட்க முன்பே அவருடைய ஆளுக்கு டிக்கட் வெட்டி, அதாவது வீட்டுக்குப் போக விட்டு, அவர்கள் போய்விட்டார்கள். நீலக் கரை போட்ட போர்வை, தோய்த்து மடித்து வைத்திருக்கிறோம். அவரைத் தெரிந்தவர்கள் எங்களுக்குச் சொன்னால் நாங்களே கொண்டுவந்து தருவோம்.

இப்படிக்கு,
மகளும் குடும்பத்தினரும்,
கோட்டைக்கல்லாறு.