சரவணனுக்கு, லேப்டாப் டிரைவ் பற்றி

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் ப்ளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள். காமர்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள், சரியென்று விட்டுவிட்டோம்.

கல்யாண வீடியோவோடு நிற்காமல் எஃபெக்ட்ஸ் வேலையும் எடுக்கப் போகிறாய் என்று படித்தபோது மனசு நிறைந்துவிட்டது. புது லேப்டாப்புக்கு இருப்பதிலேயே வேகமான ஜென் 5, அதாவது ஐந்தாம் தலைமுறை எஸ்.எஸ்.டி. டிரைவாக ஒன்று வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டா. லேப்டாப்புக்குள் அது சூடேறி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் காசை நல்ல ஜென் 4 டிரைவ் இரண்டுக்குப் பிரித்துப் போடு.

உன் கேமரா 4கே-வை நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிகிறது. அதாவது நொடிக்கு 12.5 மெகாபைட் (எம்.பி.). மூன்று கேமராவைச் சேர்த்து ஓட்டினாலும் 40 எம்.பி.யைத் தொடாது. சாட்டா என்ற பழைய இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்.எஸ்.டி.யே நொடிக்கு 500 எம்.பி.க்கு மேல் கொடுக்கும். அப்புறமும் டைம்லைன் திக்குகிறது என்றால் காரணம் டிரைவ் இல்லை, கேமரா வீடியோவை இறுக்கிச் சுருக்கி வைக்கும் எச்.265-ஐ விரித்துக் காட்ட பிராசசர் திணறுகிறது. அதை எடிட்டிங்குக்கு ஏற்ற ப்ரோரெஸ் 422 எச்.க்யூ. வடிவத்துக்கு மாற்றினால் ஓட்டம் சீராகும். ஆனால் 25 ஃபிரேமில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 330 ஜி.பி. விழுங்கும். அங்கே இடம்தான் பிரச்சினை, வேகம் இல்லை.

எஃபெக்ட்ஸ் வேறு கதை. அங்கே ஒவ்வொரு ஃபிரேமும் இஎக்ஸ்ஆர் என்ற தனிப் படக் கோப்பாக இருக்கும். 4கே ஃபிரேம் ஒன்று, ஆல்ஃபாவோடு (எந்த இடம் ஊடுருவித் தெரிய வேண்டும் என்ற தகவலோடு), சுருக்காமல் வைத்தால் 66 எம்.பி. வரும். 25 ஃபிரேம் என்றால் நொடிக்கு 1.6 ஜி.பி.க்கு மேல். சாட்டா இங்கே கைவிட்டுவிடும், என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்.எஸ்.டி. இல்லாமல் முடியாது. ஆனாலும் அந்த வகையில் ஜென் 4 டிரைவே நொடிக்கு 7 ஜி.பி. வரை படிக்கும். உனக்கு அது தாராளம்.

நீ பார்க்க வேண்டியது எழுதும் வேகம். அட்டையில் போட்டிருப்பது முதல் சில நிமிட வேகம்தான். டிரைவ், தகவலைச் சேமிக்கும் தன் செல்களில் ஒரு பகுதியை, செல்லுக்கு ஒரு பிட் என்ற கணக்கில் தற்காலிகமாக வேகமாக நிரப்பும். அது தீர்ந்ததும் நிஜ வேகம் வெளியே வரும். செல்லுக்கு நான்கு பிட் வைக்கும் க்யூஎல்சி டிரைவ்களில் சில, அப்போது ஹார்ட் டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடும். முழு மெமரி கார்டையும் கொட்டும்போதோ நீளமான ரெண்டர் போடும்போதோதான் அது தெரியும். அதனால் செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் டிஎல்சி-யாகப் பார்த்து வாங்கு. ஆயுளிலும் வித்தியாசம் உண்டு. 1 டெராபைட் (டி.பி.) கொள்ளளவில் டிஎல்சி-யான சாம்சங் 990 ப்ரோவுக்கு 600 டெராபைட் எழுதும் உத்தரவாதம், க்யூஎல்சி-யான கிரூஷியல் பி3 பிளஸுக்கு 220. ஆப்டர் எஃபெக்ட்ஸ் சாஃப்ட்வேரின் கேச், அதாவது தற்காலிகச் சேமிப்பு, நாள் முழுக்க எழுதி எழுதி அழித்துக்கொண்டே இருக்கும், அதனால் இந்த எண்ணைச் சாதாரணமாக நினைக்காதே.

இரண்டு டிரைவில் ஒன்று 1 டி.பி., மற்றது 2 டி.பி. என்று எடு. விண்டோஸும் சாஃப்ட்வேரும் கேச்சும் 1 டி.பி.யில் இருக்கட்டும். ஃபுட்டேஜும் ஃபிரேம் வரிசைகளும் 2 டி.பி.யில். ஒன்றில் படித்து மற்றதில் எழுதும்போது இரண்டும் இடிபடாது. எதையும் விளிம்பு வரை நிரப்பாதே, ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விடு. நிரம்ப நிரம்ப அந்த வேகமான பகுதியும் சுருங்கிவிடும்.

முடித்த வேலைக்கு வெளி ஹார்ட் டிஸ்க் போதும், ஆனால் இரண்டு வேண்டும். ஒன்று ஸ்டுடியோவில், இன்னொன்று வீட்டில். ஒரு குடும்பத்தின் தாலி கட்டும் காட்சி உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள். பணம் போதாவிட்டால் உள்ளே போடும் டிரைவின் அளவைக் குறை, இதில் கை வைக்காதே. எஸ்.எஸ்.டி.யை மின்சாரம் கொடுக்காமல் வருடக்கணக்கில் அலமாரியில் வைப்பதும் சரிப்படாது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினால் பில்லோடு வாங்கு, சீரியல் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பிரி. அதற்கு முன்னால் லேப்டாப் மாடல் எண்ணை எனக்கு அனுப்பு. சிலவற்றில் இரண்டாவது ஸ்லாட்டே இருக்காது, சிலவற்றில் அது ஜென் 3 ஆகவோ நீளம் குறைந்ததாகவோ இருக்கும். பார்த்துச் சொல்கிறேன், அப்புறம் காசை எடு.

அன்புடன்,
முரளி